யாருடைய அக்கிலிஸ்? கிரேக்கப் புராண வீரர்களைச் சிற்றுருவங்களாகச் சேர்க்க ஒரு முழு வழிகாட்டி

என் அலமாரியில் முதன்முதலாக நின்றவர்கள் டிராய்ப் போரில் மோதிய இருவர்: கிரேக்க வீரன் அக்கிலிஸ், டிராய் வீரன் ஹெக்டர். அவர்கள் அப்பாவும் பிள்ளையும் மாதிரி இருந்தார்கள். அக்கிலிஸ் 54 மி.மீ. உயரம், ஹெக்டர் 28. வெவ்வேறு மாதங்களில், படத்தை மட்டும் பார்த்து, ஆசைப்பட்டு வாங்கியது. அது போதாதென்று, அக்கிலிஸ் முகத்தையே மூடும் வெண்கலத் தலைக்கவசம் போட்டு வட்டக் கேடயத்தோடு நின்றான். ஹெக்டரோ காட்டுப்பன்றித் தந்தம் கோத்த தொப்பியும் இடை குறுகிய 8 வடிவக் கேடயமுமாக வந்து சேர்ந்தான். உயரத்தில் இருவருக்கும் ஒரு மடங்கு வித்தியாசம். உடுப்பில் ஐந்நூறு ஆண்டுக்கு மேல் வித்தியாசம். இவர்கள் எங்கே சண்டை போடுவது?

அந்த இரண்டையும் வாங்குவதற்கு முன்னால் எனக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன். பிரஷ் பிடிக்கவே தெரியாதவர்களும் முதல் மூன்று படிகளைப் படித்துவிடுங்கள். காசு வீணாவது அங்கேதான்.

முதல் படி: யாருடைய கண்ணால் பார்க்கப் போகிறீர்கள்?

டிராய்ப் போர் என்று ஒன்று நடந்திருந்தால் அது வெண்கலக் காலத்தின் கடைசியில், ஏறத்தாழ கி.மு. 13 அல்லது 12ஆம் நூற்றாண்டில் நடந்திருக்க வேண்டும். அந்தப் போரைப் பாடும் காவியமான, ஹோமரின் பெயரில் வழங்கும் இலியட் உருப்பெற்றது கி.மு. 8ஆம் நூற்றாண்டு வாக்கில். அந்தக் கதைகளைச் சாடிகளில் தீட்டிய ஏதென்ஸ் ஓவியர்கள் அதற்கும் 200 ஆண்டு பிந்தியவர்கள். அவர்கள் தங்கள் ஊர்ப் போர்வீரனின் உடுப்பையே எடுத்து அக்கிலிஸுக்கு மாட்டிவிட்டார்கள். நம் காலண்டர் ஓவியர்கள் ராமனுக்கு நாடக மேடைக் கிரீடம் வைத்த மாதிரிதான்.

ஆகவே சந்தையில் கிடைக்கும் புராண வீரர்கள் மூன்று கூட்டமாகப் பிரிவார்கள். எந்தக் கூட்டம் உங்களுடையது என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

மைசீனியக் கூட்டம்: மைசீனியர் என்றால் வெண்கலக் காலக் கிரேக்கர்கள். அவர்களைப் பற்றி அகழாய்வில் கிடைத்ததை வைத்துச் செய்த உருவங்கள். 1960இல் ஆர்கோலிட் பகுதியில் டெண்ட்ரா என்னும் இடத்துக் கல்லறையிலிருந்து ஒரு முழு வெண்கலக் கவசம் கிடைத்தது. தோள், கழுத்து, இடுப்புக்குக் கீழே அடுக்கடுக்கான தகடு என்று பார்ப்பதற்குக் கவிழ்த்த அண்டா போலவே இருக்கும். இப்போது நாஃப்ளியோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதோடு சேர்ந்தது பன்றித் தந்தத் தொப்பி. ஏதென்ஸ் தேசிய தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கும் 'வீரர் சாடி'யில் ஈட்டியில் பை கட்டிக்கொண்டு வரிசையாக நடக்கும் வீரர்களைப் பாருங்கள். பின்னால் ஒரு பெண் கையுயர்த்தி வழியனுப்புகிறாள். படைவீரர்களுக்கு அதைவிட நல்ல மாதிரி கிடையாது.

சாடி ஓவியக் கூட்டம்: வட்டக் கேடயம், முகத்தை மூடும் கொரிந்தியத் தலைக்கவசம், குதிரைமயிர்க் கொண்டை, முழங்கால் கவசம். கிரேக்க வீரன் என்றதும் நம் மனத்தில் எழும் உருவம் இதுதான். வாட்டிகன் அருங்காட்சியகத்தில் இருக்கும் எக்ஸீக்கியஸ் என்னும் ஓவியரின் சாடியில் அக்கிலிஸும் சக கிரேக்க வீரன் ஏஜாக்ஸும் போர் இடைவேளையில் காய் நகர்த்தி விளையாடுகிறார்கள். அக்கிலிஸ் வாயருகே 'நான்கு', ஏஜாக்ஸ் வாயருகே 'மூன்று' என்று எழுதியிருக்கிறது. ஜெயிப்பவன் தலைக்கவசத்தைக் கழற்றவில்லை. தோற்பவனுடையது பின்னால் கேடயத்தின்மேல் கிடக்கிறது.

மூன்றாவது, கற்பனைக் கூட்டம்: தோலாடை, முள் வைத்த தோள்பட்டை, ரோமானியக் கவசமும் கிரேக்கக் கொண்டையும் கலந்த கலவை. எனக்குப் பிடிக்காது. ஆனால் பாம்புக் கூந்தல் மெடூசா, காளைத்தலை மினோட்டார், பாதி மனிதன் பாதி குதிரையான சென்டார் போன்றவற்றில் மிக அழகான சிற்பங்கள் இங்கேதான் இருக்கின்றன. ஒதுக்கிவிட முடியாது.

கலக்கவே கூடாதா என்றால், கலக்கலாம். ஹோமரே கலந்தவர்தான். இலியட்டின் 10ஆம் பாகத்தில் ஒடிஸியஸ் தலையில் வைக்கும் பன்றித் தந்தத் தொப்பி அவர் காலத்தில் வழக்கொழிந்து பல நூற்றாண்டு ஆகியிருந்தது. அதே காவியத்தில் இறந்தவர்களை எரிக்கிறார்கள். அது மைசீனிய வழக்கமன்று, பிற்கால வழக்கம். தெரிந்து கலப்பது ரசனை; தெரியாமல் கலந்தால் என் முதல் அலமாரி.

இரண்டாம் படி: அளவு

பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணை நம்பி ஏமாறாதவர் இந்தப் பொழுதுபோக்கில் இல்லை. 1/72 என்றால் அசலில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு, 175 செ.மீ. ஆள் ஏறத்தாழ 24 மி.மீ. ஆவான். 1/32இல் அதே ஆள் 54 மி.மீ. பக்கம் வருவான், 1/24இல் 73. '28 மி.மீ.' என்பது விகிதமே இல்லை, உயரம். அதையும் சிலர் பாதத்திலிருந்து கண் வரை அளப்பார்கள், சிலர் உச்சந்தலை வரை. 1/30 என்று விற்பவை 60 மி.மீ.யை நெருங்கும்; 54க்குப் பக்கத்தில் வைத்தால் கண்ணில் உறுத்தும்.

எதைத் தேர்ந்தெடுப்பது? கேடயத்தை வைத்துப் பாருங்கள் என்பேன். வட்டக் கேடயம் அசலில் ஏறத்தாழ 90 செ.மீ. அகலம். 1/72இல் அது சட்டைப் பொத்தான் அளவு. அதில் மெடூசா தலை தீட்ட முயல்பவர்களுக்கு என் வணக்கம். 1/32இல் நம் பத்து ரூபாய் நாணயம் அளவு வரும். அதில் ஓவியம் தீட்டலாம், எழுத்துகூட எழுதலாம்.

படை படையாக நிறுத்தி டிராய்க் கடற்கரையையே மேசைமேல் கொண்டுவர ஆசையா? 1/72 வாங்குங்கள், ஒரு பெட்டியில் நாற்பது உருவம் வரை இருக்கும், இடமும் அடைக்காது. விதிமுறையோடு போர் விளையாட்டு ஆடுகிறவர்களுக்கு 28 மி.மீ. பெயர் சொல்லி நாயகர்களை நிறுத்த வேண்டுமென்றால் 54. சென்டார், மெடூசா மாதிரித் தனி உருவத்தை உட்கார்ந்து தீட்ட 75 மி.மீ. எதை எடுத்தாலும் ஒன்றிலேயே நில்லுங்கள்.

மூன்றாம் படி: ஏழு பேரோடு தொடங்குங்கள்

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் டிராயில்தான் தொடங்குகிறார்கள். இலியட்டின் 2ஆம் பாகத்துக் கப்பல் பட்டியலில் மட்டும் 29 படைப்பிரிவு, ஆயிரத்துக்கு மேல் கப்பல். முடிவே வராது. முடியாத தொகுப்பு ஆறு மாதத்தில் அலுத்துப் பெட்டிக்குள் போய்விடும்.

நான் சொல்வது தீப்ஸ் நகரம். ஒயிடிபஸின் மகன்கள் இருவர் அரியணைக்குச் சண்டையிட, ஏழு வாயில் கொண்ட நகரத்தின்மேல் ஏழு தலைவர்கள் படையெடுத்து வரும் கதை. கி.மு. 467இல் ஈஸ்கிலஸ் இதை நாடகமாக்கினார். அதில் ஒற்றன் ஒருவன் வந்து, எந்த வாயிலில் யார் நிற்கிறான், அவன் கேடயத்தில் என்ன தீட்டியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறான். கேடயம் தீட்டுகிறவனுக்கு 2,400 ஆண்டுக்கு முன்பே எழுதிவைத்த குறிப்பு அது!

டைடியஸ்: கேடயம் முழுக்க விண்மீன் நிறைந்த இரவு வானம், நடுவில் முழுநிலா. தலைக்கவசத்தில் மூன்று கொண்டை, கேடயத்தின் அடியில் வெண்கல மணிகள். கபேனியஸ்: ஆடையில்லாத ஒருவன் தீப்பந்தம் ஏந்தி நிற்க, 'நகரத்தை எரிப்பேன்' என்று பொன்னெழுத்து. எட்டியோக்ளஸ்: கோட்டைச் சுவரில் ஏணி வைத்து ஏறும் வீரன். இந்தப் பெயரில் கவனம் தேவை. நகரத்துக்குள்ளே இருக்கும் அரசன் எட்டியோக்ளிஸ், இவன் வேறு ஆள். ஹிப்போமெடான்: கரும்புகை கக்கும் டைஃபோன் அரக்கன், விளிம்பைச் சுற்றிப் பாம்புகள். பார்த்தெனோபியஸ்: இப்போதுதான் மீசை அரும்பும் பையன், கேடயத்தில் ஒரு தீப்ஸ்காரனைக் காலடியில் பிடித்திருக்கும், பெண்தலையும் சிங்க உடலும் கொண்ட ஸ்ஃபிங்க்ஸ். ஏழாவது வாயிலில் அரசனின் சகோதரன் பாலினைசிஸ்: பொற்கவசம் பூண்ட வீரனைக் கைபிடித்து அழைத்துவரும் நீதி தேவதை.

ஆறாவது வாயிலில் நிற்பவன் ஆம்ஃபியராஸ். குறி சொல்லத் தெரிந்தவன். இந்தப் படையெடுப்பில் தான் செத்துப்போவான் என்று தெரிந்தே வந்தவன். அவன் கேடயத்தில் எதுவுமே இல்லை. சிறந்தவனாகத் தோன்றுவதில் அவனுக்கு விருப்பமில்லை, சிறந்தவனாக இருப்பதிலேதான் என்கிறான் ஒற்றன். ஏழிலும் தீட்டுவதற்குக் கஷ்டமானது இந்த வெறும் கேடயம்தான். படம் இருந்தால் கை நடுக்கம் அதில் மறைந்துவிடும். வெறும் வெண்கலத்தில் ஒரு தூசி ஒட்டினாலும் தெரியும். நான் மூன்று முறை சுரண்டித் தீட்டினேன்.

இதற்குத் தனியாக 'தீப்ஸ் எழுவர்' என்று பெட்டி தேடி அலைய வேண்டாம். நாடகம் சாடி ஓவியக் காலத்தைச் சேர்ந்தது; வட்டக் கேடயம் ஏந்திய காலாட்களான சாதாரண ஹாப்லைட் வீரர்கள் ஏழு பேர், ஏழு விதமாக நிற்பவர்கள் போதும். கேடயம் வழவழப்பாக, புடைப்புச் சின்னம் எதுவும் இல்லாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். எட்டாவதாக ஒருவனைச் சேர்க்கத் தோன்றினால் நகரத்துக் காவலன் ஹைப்பர்பியஸ். டைஃபோனுக்கு எதிரே அவன் கேடயத்தில் இடி ஏந்திய ஜீயஸ் அமர்ந்திருக்கிறார்.

நான்காம் படி: எதில் செய்தது, யார் செய்தது

பழையவற்றிலிருந்து வருவோம். 19ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் வெள்ளீயக் கலவையில் தகடு போல் தட்டையான வீரர்களை வார்த்தார்கள். நூரெம்பர்க்கில் 1839இல் தொடங்கிய ஹைன்ரிக்சன் பட்டறையின் 30 மி.மீ. அளவுதான் அந்த உலகத்துக்கே பொது அளவானது. இவற்றின் பெரிய அருங்காட்சியகம் பவேரியாவின் குல்ம்பாக் ஊரில், பிளாசென்பர்க் கோட்டைக்குள் இருக்கிறது. தட்டை உருவம் என்று ஏளனமாக நினைக்காதீர்கள். நன்றாகத் தீட்டினால் சாடி ஓவியமே எழுந்து நிற்பது போலிருக்கும். கிரேக்கப் புராணத்துக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் எனக்குத் தோன்றவில்லை.

அடுத்து ஈயம். 1893இல் இங்கிலாந்தின் பிரிட்டன்ஸ் நிறுவனம் உள்ளே கூடாக வார்க்கும் முறையைக் கொண்டுவந்து விலையைக் குறைத்தது. 1966இல் அவர்கள் ஈயத்தை விட்டுவிட்டார்கள். பாரிஸின் மிக்னோ நிறுவனத்தின் பழங்காலக் கிரேக்கர்களும் பழம்பொருள் ஏலங்களில் தலைகாட்டுவதுண்டு. ஈய உருவம் வீட்டுக்கு வந்தால் தொட்ட கையைக் கழுவுங்கள், குழந்தை கைக்கு எட்டாமல் வையுங்கள்.

இன்றைக்கு வாங்கக் கிடைப்பவை: 1/72இல் மென்பிளாஸ்டிக், ரஷ்யாவின் ஸ்வெஸ்டா போன்றவர்கள். 28 மி.மீ.யில் பிரிட்டனின் விக்ட்ரிக்ஸ் தரும் கடினப் பிளாஸ்டிக் ஹாப்லைட்கள். கை, தலை, ஈட்டி தனித்தனியாக வருவதால் ஒரே பெட்டியில் எவனும் எவன் மாதிரியும் இல்லாமல் செய்யலாம். அதே அளவில் மைசீனிய உடுப்பு வேண்டுமென்றால் ரெடவுட் நிறுவனத்தின் டிராய்ப் போர் உலோக வரிசை. 1/24இல் உக்ரைனின் மாஸ்டர் பாக்ஸ் கிரேக்கப் புராணத்துக்கென்றே ஒரு வரிசை வைத்திருக்கிறது. சென்டாரும் மெடூசாவும் அவளைக் கொன்ற பெர்சியஸும் அதில் உண்டு. தீட்ட நேரமில்லாதவர்களுக்கு ஜான் ஜென்கின்ஸின் 1/30 டிராய்ப் போர் வரிசை. தீட்டியே வரும், விலையும் அதற்கேற்றபடி. 1970களில் இத்தாலியின் அட்லாண்டிக் நிறுவனம் டிராய்க் குதிரையையே பெட்டியில் போட்டு விற்றது. அந்தப் பெட்டி மூடி கிழியாமல் கிடைத்தால் எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

இப்போது ரெசின் என்னும் பிசினில் முப்பரிமாண அச்சும் வந்துவிட்டது. உருவத்தின் கணினிக் கோப்பு ஒன்றை வாங்கி, அச்சு இயந்திரம் வைத்திருக்கும் நண்பரிடம் கொடுத்தால் மறுநாள் மினோட்டார் கையில். நுணுக்கம் அபாரம், ஆனால் கீழே விழுந்தால் கண்ணாடி. சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்று உரிமம் சொன்னால் அதை மதியுங்கள்.

ஐந்தாம் படி: வாங்குவது

படத்தில் தெரிவது பெரும்பாலும் தேர்ந்த ஓவியர் தீட்டிய மாதிரி. உங்களுக்கு வருவது சாம்பல் நிறத் துண்டுகள். தீட்டாத உருவத்தின் படத்தைக் கேட்டு வாங்குங்கள். 1/72க்கு இந்தத் தொல்லை இல்லை. பிளாஸ்டிக் சோல்ஜர் ரிவ்யூ தளத்தில் ஒவ்வொரு பெட்டியின் உருவங்களையும் நிறுத்திப் படமெடுத்து, ஆயுதம் சரியா, காலம் சரியா என்று கறாராக எழுதியிருப்பார்கள்.

ரெசினில் கள்ளப் பிரதி ஏராளம். அசலை வைத்து அச்செடுத்து வார்ப்பதால் மூக்கு, விரல், கொண்டை மயிர் எல்லாம் கரைந்த சோப்பு போல் மழுங்கியிருக்கும்; அக்குளிலும் தாடைக்கு அடியிலும் காற்றுக்குமிழி ஓட்டைகள் தெரியும். விலை பாதிக்குப் பாதி என்றால் சந்தேகப்படுங்கள்.

வெளிநாட்டிலிருந்து ஒரே ஒரு உருவத்தை வரவழைப்பது யானை வாங்கி அங்குசத்துக்கு அழுவதற்கு நேர்மாறு. இங்கே அங்குசம் மலிவு, அதைத் தூக்கிவரும் யானைக்குத்தான் செலவு. அஞ்சல் கட்டணமும் சுங்க வரியும் சேர்ந்து உருவத்தின் விலையைத் தாண்டும். நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே பொதியாக வரவழையுங்கள். ஸ்ப்ரே டப்பாவும் கரைப்பான் கலந்த பெயிண்டும் விமானத் தபாலில் வராது; அவற்றை உள்ளூரிலேயே தேடிக்கொள்ள வேண்டும். பொதி வந்ததும் பிரிப்பதற்கு முன்பே வீடியோ எடுக்கத் தொடங்குங்கள். எனக்கு ஒரு முறை சென்டாருக்கு மூன்றே கால் வந்தது. விற்றவர் முதலில் நம்பவில்லை. வீடியோவைப் பார்த்த பிறகுதான் நான்காவது காலை அனுப்பினார்.

ஆறாம் படி: தயார் செய்வது, தீட்டுவது

முதலில் பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் அலசிக் காயவிடுங்கள். அச்சிலிருந்து கழல்வதற்காகத் தடவிய எண்ணெய் ஒட்டியிருக்கும். அதன்மேல் எந்த பெயிண்டும் நிற்காது. அச்சின் இரண்டு பாதி சேர்ந்த கோடு தலைக்கவசத்தின் நடுவே ஓடும். சிறு அரத்தால் தேய்த்துவிடுங்கள். ரெசினைத் தேய்ப்பதானால் ஈரத்தோடு, முகக்கவசம் போட்டுத் தேய்க்க வேண்டும்; அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. வளைந்த ரெசின் வாளை வெந்நீரில் அரை நிமிடம் போட்டால் நிமிர்த்தலாம்.

உலோகத்துக்கும் ரெசினுக்கும் ஃபெவிக்விக் போதும்; கனமான பாகத்துக்கு உள்ளே கம்பி செருகி ஆரல்டைட். 1/72இன் மென்பிளாஸ்டிக்கில் எந்தப் பசையும் ஒழுங்காகப் பிடிக்காது, கம்பி செருகியே ஆக வேண்டும். ஈட்டிகள் வளைந்தேதான் வரும். வெட்டி எறிந்துவிட்டு மெல்லிய பித்தளைக் கம்பி வையுங்கள். நான் சிக்கனம் பார்த்து ஈர்க்குச்சி வைத்தேன். ஐப்பசி மழையில் ஏழு ஈட்டியும் ஏழு திசைக்கு வளைந்தன.

மழை என்றதும் இன்னொன்று: ஈரக்காற்று அடிக்கும் நாளில் மொட்டைமாடியில் ஸ்ப்ரே பிரைமரோ (பெயிண்டுக்கு முந்தைய அடிப்பூச்சு) வார்னிஷோ அடிக்காதீர்கள். வெள்ளைப் பனி படர்ந்தது போல் பூத்துவிடும். முடித்த உருவமாக இருந்தால் அழுகையே வரும். மழைக்காலத்தில் பிரஷ்ஷால் பூசும் பிரைமரே நல்லது.

இனி வெண்கலம். இந்தத் தொகுப்பில் பாதிக்கு மேல் தீட்டப் போவது அதைத்தான். புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு, கவசத்தைப் பச்சையாகத் தீட்டுவது. பச்சை என்பது அருங்காட்சியகத்தின் நிறம், மூவாயிரம் ஆண்டு மண்ணுக்குள் கிடந்ததால் ஏறியது. உயிரோடிருந்த ஹெக்டரின் தலைக்கவசம் புளி போட்டுத் தேய்த்த குத்துவிளக்கு மாதிரி மின்னியிருக்கும். இலியட்டின் 6ஆம் பாகத்தில் அவன் குழந்தை அந்த மினுக்கத்தையும் ஆடும் குதிரைமயிரையும் பார்த்துத்தான் வீறிட்டு அழுகிறது; அவன் சிரித்துக்கொண்டே கழற்றித் தரையில் வைக்கிறான்.

செய்முறை இதுதான். கவசம் முழுக்க அடர்ந்த சாக்லெட் பழுப்பு. காய்ந்ததும் வெண்கல நிற மெட்டாலிக் பெயிண்டை மெல்லிய இரண்டு பூச்சாகப் பூசுங்கள். பள்ளங்களில் பழுப்பு தெரிந்தபடி விட்டுவிடுங்கள். அடுத்து, காபி டிகாக்ஷன் பதத்துக்கு நீர்த்த பழுப்பு வாஷ். அது ஓடிப்போய் இடுக்குகளில் தங்கும். குட்டையாகத் தேங்கினால் வெறும் பிரஷ்ஷால் ஒற்றி எடுங்கள். இரவு முழுக்கக் காயட்டும். மறுநாள் தங்க நிறத்தில் ஒரு துளி வெள்ளி கலந்து, தலைக்கவசத்தின் விளிம்பு, மூக்குத் தகடு, கேடயத்தின் மேல்வளைவு என ஒளி விழும் பக்கம் மட்டும் இழுங்கள். அவ்வளவுதான். இதற்குமேல் கைவைத்தால் கல்யாண மண்டப அலங்காரம் ஆகிவிடும்.

துணி நிறத்துக்கு வெறும் வெள்ளையோடு நிற்காதீர்கள். கிரேக்கச் சிலைகள் வெள்ளைப் பளிங்காக இருந்ததில்லை, வண்ணம் தீட்டப்பட்டவை. ஏஜினா தீவின் அஃபேயா கோயில் முகப்பில் டிராய்ப் போர் வீரர்கள் இருக்கிறார்கள். அச்சிலைகள் இப்போது மியூனிக்கின் கிளிப்டோதெக்கில். அதில் மண்டியிட்டு வில் வளைக்கும் ஒருவனை, டிராய் இளவரசன் பாரிஸ் என்று பலர் சொல்வார்கள், எஞ்சியிருந்த நிறத் தடயங்களை வைத்து தொல்லியலாளர் வின்சென்ஸ் பிரிங்க்மன் குழு மறுபடி தீட்டிக் காட்டியது. கணுக்கால் வரை வைரக்கட்டம் போட்ட கால்சட்டை. நீலம், சிவப்பு, மஞ்சள், பச்சை! அதைப் பார்த்த பிறகு என் டிராய்க்காரர்கள் யாரும் வெள்ளை உடுத்துவதில்லை. இலியட்டின் 3ஆம் பாகத்தில் பாரிஸ் முதலில் வரும்போது தோளில் சிறுத்தைத் தோல், அதையும் விட்டுவிடாதீர்கள்.

ஏழாம் படி: உடைந்ததை எறியாதீர்கள்

கால் உடைந்த உருவம், பாதம் வார்ப்பில் நிரம்பாத உருவம், இடுப்போடு முறிந்தது என்று ஒரு டப்பா சேர்ந்துவிடும். அதற்கென்றே கிரேக்கர்கள் ஒரு கதை வைத்திருக்கிறார்கள். தீப்ஸை நிறுவிய காட்மஸ் ஒரு நாகத்தைக் கொன்று அதன் பற்களை மண்ணில் விதைக்கிறான். விதைத்த இடத்தில் ஈட்டிமுனை முளைக்கிறது, பிறகு கொண்டை, தோள், மார்பு என ஆயுதம் தாங்கிய வீரர்கள் எழுகிறார்கள். அவர்கள் நடுவே கல்லை எறிய, தங்களுக்குள் வெட்டிக்கொண்டு ஐவர் மட்டும் மிஞ்சுகிறார்கள். பின்னால் பொற்கம்பளி தேடிப்போன ஜேசனும் கோல்கிஸ் நாட்டில் இதே பற்களை விதைக்கிறான்.

ஒரு பலகையில் ஃபெவிகாலும் சலித்த செம்மண்ணும் குழைத்து உழுத சால் போல் ஐந்தாறு வரி இழுங்கள். ஈரம் காய்வதற்குள் உடைந்தவர்களை ஊன்றுங்கள். முதல் சாலில் ஈட்டிமுனை மட்டும். அடுத்ததில் கொண்டையும் கண்ணும். அதற்கடுத்து மார்பு வரை. கடைசிச் சாலில் முழங்கால் வரை எழுந்து பக்கத்துக்காரனை வெட்டக் கையோங்கியவன். தோளிலும் தலைக்கவசத்திலும் மண் சிந்தியிருக்க வேண்டும். என் தொகுப்பில் விருந்தினர் முதலில் குனிந்து பார்ப்பது இதைத்தான். இதற்குச் செலவு பூஜ்யம்.

எட்டாம் படி: பாதுகாப்பு

என் ஏஜாக்ஸ் பழைய ஈய உருவம். ஏழு மாட்டுத்தோலும் எட்டாவதாக வெண்கலமும் சேர்த்துச் செய்த கோபுரக் கேடயம் என்று இலியட் சொல்லும் அந்தக் கேடயத்தை முதுகில் போட்டிருப்பான். புதிதாகச் செய்த மர அலமாரியில் வைத்தேன். அடுத்த வருடம் அவன் கணுக்காலில் வெள்ளைத் தூள். தூசி என்று நினைத்துத் துடைத்தால் கீழே குழி. மரமும் எம்.டி.எஃப். பலகையும் ஒட்டுப்பலகையின் பசையும் வெளிவிடும் அமில ஆவி, ஈரக்காற்றோடு சேர்ந்து ஈயத்தை அரித்துத் தின்னும் நோய் இது. அந்தத் தூள் விஷம், ஊதக்கூடாது. கையுறையும் முகக்கவசமும் போட்டு, வெளியே வைத்துத் துடைத்து, அந்த உருவத்தைத் தனியே பிரித்து வையுங்கள்.

ஈயம் வைத்திருந்தால் கண்ணாடியும் இரும்பும் சேர்ந்த அலமாரியே சரி. காற்றுப் போக்குவரத்துக்குச் சிறு இடைவெளி, மூலையில் சிலிக்கா ஜெல் பொட்டலம், மாதம் ஒருமுறை அதை மாற்றுவது. பிளாஸ்டிக்கும் ரெசினும் மட்டுமே என்றால் மரம் பரவாயில்லை. வெயில் நேராக விழக்கூடாது. சிவப்பு நிறம்தான் முதலில் வெளுக்கும். விளக்கு எல்.இ.டி.யாக இருக்கட்டும், சூடேறாது.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். உருவம் யார், எந்த அளவு, எங்கே எப்போது வாங்கியது, என்ன விலை, என்ன பெயிண்ட் கலவை. கடைசியது முக்கியம், இரண்டு வருடம் கழித்து உடைந்த கொண்டையைச் சரிசெய்யும்போது அந்தச் சிவப்பு எந்தச் சிவப்பு என்று நினைவிருக்காது. பெட்டியை எறியாதீர்கள்; விற்க நேர்ந்தால் பெட்டியோடு இருப்பதற்குத் தனி விலை.

ஒன்பதாம் படி: காட்சி

வரிசையாக நிறுத்தினால் அணிவகுப்பு. இரண்டு பேரைத் திருப்பி எதிரெதிரே வைத்தால் கதை. டிராய்க் குதிரை செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு சேதி: அது இலியட்டில் வருவதில்லை. ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிஸியிலும் பிறகு ரோமானியக் கவி வெர்ஜிலிடமும்தான் வருகிறது. உள்ளே எத்தனை பேர் என்பதிலும் ஒற்றுமை கிடையாது. வெர்ஜில் பெயர் சொல்வது ஒன்பது பேரை, புராணத் தொகுப்பாளர் அப்பொலோடோரஸ் சொல்வது ஐம்பது. உங்கள் குதிரையின் வயிற்றுக்கேற்ற கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். வடிவத்துக்கு மிக்கோனோஸ் தீவில் 1961இல் கிடைத்த பெரிய சாடியைப் பாருங்கள், கி.மு. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. குதிரையின் காலில் சக்கரம், விலாவில் சதுரச் சாளரங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு தலை. ரயில் பெட்டி போலவே இருக்கும்.

எனக்கு ஆசை இலியட்டின் கடைசிப் பாகம். மகன் ஹெக்டரின் உடலைக் கேட்டு, டிராய் அரசன், கிழவன் பிரியாம் இரவில் தனியாக அக்கிலிஸின் குடிலுக்குள் வந்து மண்டியிடுகிறான். அக்கிலிஸுக்கு ஆள் கிடைத்தான். உட்கார்ந்திருக்கும் ஹாப்லைட் ஒருவனின் தலைக்கவசத்தை வெட்டிவிட்டு வேறு தலை ஒட்டினேன். மண்டியிட்ட முதிய அரசன் எந்த நிறுவனத்திடமும் கிடைக்கவில்லை. கடைசியில் டிசம்பர் மாதம் கிறிஸ்துமஸ் குடில் பொம்மை விற்கும் நடைபாதைக் கடையில் அவனைக் கண்டேன். குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த ராஜாக்களில் ஒருவர், நரைத்த தாடியோடு மண்டியிட்டவர், நாலு செ.மீ. உயரம், 54 மி.மீ. உருவங்களோடு கச்சிதமாகப் பொருந்துவார். பளபள ஊதா பெயிண்டைச் சுரண்டிவிட்டு மண்ணும் சாம்பலும் படிந்த அங்கியாகத் தீட்ட வேண்டும். கிரீடத்தை அரத்தால் தேய்த்துவிடலாம். அவர் ஏந்தியிருக்கும் பொன் பேழையை மட்டும் கவனமாக வெட்டியெடுத்துத் தரையில் வையுங்கள்; மகனை மீட்கக் கிழவன் கொண்டுவந்த பொருள் அது. காலியான கைகளை வெந்நீரில் காட்டி வளைக்க முடியாது, சாந்துப் பொம்மை. மணிக்கட்டில் அறுத்து, கம்பி செருகி, அக்கிலிஸின் கையைப் பிடித்து முத்தமிடும்படி திருப்பி ஒட்டுங்கள்.